மஞ்சள் புத்தகத்தில் ஒரு காலிக் கட்டம்

1

போன வாரம் அம்மை குத்திக்கொள்ளப் போயிருந்தேன். அறுபத்து நாலு வயதில் இது கொஞ்சம் கூச்சமான காரியம்தான். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களெல்லாம் இடுப்பில் குழந்தை வைத்திருந்தார்கள். நான் ஒரு குடையை வைத்திருந்தேன்.

இந்த நாட்டை விட்டுக் கிளம்புகிறவன் எவனும் மஞ்சள் புத்தகம் இல்லாமல் கிளம்ப முடியாது. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் புத்தகம். இவனுக்குப் பெரியம்மை குத்தியாகிவிட்டது, இவனால் உங்கள் நாட்டுக்கு ஆபத்து இல்லை என்று ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்குறுதி. மூன்று வருஷம் செல்லும். என்னுடையது காலாவதியாகிப் பல காலம். போவதற்கு இடமில்லாதவனுக்குப் புத்தகம் எதற்கு என்று விட்டுவைத்திருந்தேன். இந்த வருஷம் போக ஒரு இடம் வந்தது, தென்காசிப் பக்கத்து வடகரை.

மேஜையில் ஒரு சீனப் பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் காலா காலத்தில் ஒரு பேத்தி பிறந்திருந்தால் அந்த வயது இருக்கும். தலை நிமிராமல் மலாய் மொழியில் கேட்டாள், முதல் குத்தா, மறு குத்தா என்று.

இந்தக் கேள்வியை முப்பது வருஷம் நான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆறு மொழிகளில் கேட்கத் தெரியும். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, என் சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டினாள். தோளுக்குக் கீழே நாலு பழைய தழும்புகளைப் பார்த்தாள். "மறு" என்று எழுதிக்கொண்டாள்.

அவள் செய்ததுதான் சரியான முறை. அந்த முறையை மீறியதால் என்ன ஆயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் பிறந்து படித்தது தென்காசி. இண்டர்மீடியட் தேறி, சண்டைக்கு வெகு காலம் முன்பே மலாயாவுக்கு வந்து, ஒரு துறைமுகத்தின் சுகாதார அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன். எந்தத் துறைமுகம் என்பது முக்கியமில்லை. மேல்தட்டில் முறையான புத்தகத்தோடு வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போவார்கள். கீழ்த்தட்டில் வருகிறவர்களை எதிரே இருக்கும் தீவுக்கு அனுப்பி, குளிப்பாட்டி, துணியை அவித்து, நாட்களை எண்ணி, பிறகு விடுவோம். வைசூரிக் கிருமி மேல்தட்டு டிக்கெட் வாங்காது என்பது அன்றைய நம்பிக்கை.

புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். முதலில் கையைப் பார், பிறகு காகிதத்தைப் பார். ஊரிலிருந்து வரும் காகிதங்களின் லட்சணம் எனக்குத் தெரியும். இறந்துபோன டாக்டர் கையெழுத்திட்டது, பிறக்காத தேதி போட்டது, அண்ணன் புத்தகத்தில் தம்பி வந்தது. பிடித்துப் பிடித்து எனக்கு ஒரு பெயர் இருந்தது. கப்பல்காரர்கள் அதைக் கெட்ட பெயர் என்பார்கள்.

அந்தப் புத்தகத்தில் பெரியம்மைப் பக்கத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. முதல் கட்டம், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குத்திக்கொள்கிறவர்களுக்கு. அதில் குத்திய தேதிக்குக் கீழே இன்னொரு வரி உண்டு: கையைத் திரும்பப் பார்த்தபோது பிடித்திருந்ததா, பிடிக்கவில்லையா. பிடித்தால்தான் சான்றிதழ். அதுவும் எட்டு நாள் கழித்துத்தான் செல்லும். இரண்டாவது கட்டம், முன்பே குத்தியிருந்து மறுபடி குத்திக்கொள்கிறவர்களுக்கு. அதில் திரும்பப் பார்க்கிற வரி கிடையாது. அன்றைக்கே செல்லும்.

முதல் கட்டத்தில் எழுதவேண்டியதை இரண்டாவது கட்டத்தில் எழுதினால் எட்டு நாள் மிச்சம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் படித்தவன் செய்யும்போது சுத்தமாகச் செய்வான்.

3

மலாயா சுதந்திரம் வாங்கிய மறு வருஷம் என் ஒரே மகனுக்குக் கல்யாணம். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஓய்வுக்கு முந்தைய நீண்ட லீவில் ஊருக்கு வந்து, வடகரையில் பெண் எடுத்தேன். பெண் பெயர் செண்பகம், பதினெட்டு வயது. அவள் அப்பா திரவியம், தென்னந்தோப்பும் வயலும் கோயிலில் ஒரு நாள் மண்டகப்படியும் உள்ள மனிதர். என்னை விட ஒரு வயது இளையவர்.

பெண் பார்க்கப் போனபோது அந்தத் தெருவில் ஒரு வாசலில் வேப்பங்குலை தொங்கியது. அம்மா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். விருந்தாளி வரக்கூடாது, கடன் கேட்கக்கூடாது, தாளிக்கக்கூடாது, அந்தத் தெருவில் மேளம் கொட்டக்கூடாது. எங்கள் அலுவலகம் ஒரு தீவையே வைத்துக்கொண்டு செய்கிற காரியத்தில் பாதியை இவர்கள் ஒரு குலை வேப்பிலையில் முடித்துவிடுகிறார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். மேளம் கொட்டக்கூடாது என்பதால் கல்யாணத்தைக் குற்றாலத்துக்கு மாற்றினார் சம்மந்தி. ஆனி முடிய நாலு நாள் இருக்கையில், சாரலில், நல்லபடியாக நடந்தது. லீவு தீர்ந்ததால் மகன் மூன்றாம் நாளே ரயில் ஏறிவிட்டான். பாஸ்போர்ட் வந்ததும் மருமகளை நான் அழைத்து வருவதாக ஏற்பாடு.

ஆடி பிறந்தது. புதுப்பெண் ஆடியில் பிறந்த வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று செண்பகத்தை வடகரைக்குக் கூட்டிப் போனார்கள். நானும் தலையாட்டினேன். அந்த வேப்பங்குலை என் நினைவிலேயே இல்லை. தெருவில் அது இப்போது வேறு வாசலுக்கு மாறியிருந்தது.

பாஸ்போர்ட் ஒரு புதன்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் போய்ச் சேர்வதற்குள் அவளுடைய நுழைவு அனுமதிக் கெடு முடிந்துவிடும். முடிந்தால் முதலிலிருந்து விண்ணப்பம், இன்னொரு வருஷம். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் தெரியும். வியாழன் காலை வடகரைக்குப் போய், மஞ்சள் புத்தகத்தில் பெயரையும் ஊரையும் அழகாக எழுதி முடித்துவிட்டு, கையைக் காட்டும்மா என்றேன்.

அவள் அம்மா ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். வெறும் கை. மற்றக் கையும் வெறும் கை.

"குத்தவே இல்லையா?"

திரவியத்துக்குச் சிரிப்பு. "அதெப்படிக் குத்துவான் சம்மந்தி? குத்துதவன் தெருமுனையில வருதான்னு தெரிஞ்சாப் போதும், இவ பத்தாயத்துக்குள்ள. மூணு தடவை வந்தான். மூணு தடவையும் இவ நெல்லுக்குள்ள. கடைசித் தடவை உள்ளேயே தூங்கிட்டா. அவன் போயி ஒரு மணி நேரம் தேடுதோம்."

"பள்ளிக்கூடத்துல குத்தியிருப்பாங்களே?"

"அன்னைக்கு எங்க தெருவுக்கு மட்டும் பள்ளிக்கூடம் லீவு" என்றார். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். செண்பகமும் சிரித்தாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பா நினைக்காதீய. வருஷா வருஷம் ஆத்தாளுக்குக் கொடை கொடுக்குதோம். அவ புள்ளையை அவளே பாத்துக்கிடுவா. கத்தியைக் காட்டி, நீ இங்கன வராதேன்னு அவகிட்டயே சொல்லலாமா?"

"குத்தலேன்னா கப்பல்ல ஏத்தமாட்டான், சம்மந்தி."

அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க சட்டம் தெரிஞ்சவுக. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

முப்பது வருஷம் கைகளைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். பெண் பார்க்கப் போனபோது முகத்தைப் பார்த்தேன், குடும்பத்தைப் பார்த்தேன், ஜாதகத்தையும் பார்த்தேன்.

4

அம்மை குத்தும் மாடசாமி அந்த வாரம் குற்றாலத்தில் சீசன் வேலையில் இருந்தார். அருவிக்குப் போகிற பாதையில் ஒரு மரத்தடியில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காலரா ஊசி. ஊசி போட்ட சீட்டு இருந்தால்தான் உள்ளே விடவேண்டும் என்று உத்தரவு. சனங்கள் ஒரு வளைவு முந்தியே பஸ்ஸை நிறுத்தி இறங்கி, தோப்பு வழியாக அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனபோது திருநெல்வேலி வக்கீல் ஒருவர், உடம்பெல்லாம் எண்ணெயோடு, போன வருஷத்துச் சீட்டைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தார்.

"போன வருஷ அருவித் தண்ணியா சார் இந்த வருஷமும் விழுது?" என்று மாடசாமி கேட்டார். வக்கீல் ஊசி போட்டுக்கொள்ளாமலே போனார்.

மாடசாமியை எனக்கு அதற்கு முன் தெரியாது. ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, காதில் பென்சில். விஷயத்தைச் சொன்னேன். செண்பகத்தின் கையைப் பார்த்தார்.

"முதல் குத்து, சார். குத்துதேன். ஆனா புஸ்தகம் எட்டு நாள் கழிச்சுத்தான்."

"ஞாயித்துக்கிழமை கப்பல்."

"அடுத்த கப்பல்ல போங்க."

"மாடசாமி, நீரு எத்தனை வருஷமாக் குத்துதீரு?"

"பதினாலு வருஷம் ஆச்சு."

"நான் முப்பது வருஷமா அந்தப் புஸ்தகத்தைப் படிக்கேன். ரெண்டாவது கட்டத்துல எழுதும்."

"அது மறு குத்துல்லா?"

"ஆமா."

"மறு குத்துன்னா அதுக்கு முந்தி ஒரு குத்து வேணுமே சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வழி கேட்டார்.

நான் வழி சொன்னேன். சின்ன வயதில் குத்தியதற்குத் தழும்பு அழிந்துபோவது உண்டு என்றேன். குத்திக்கொண்டதாக அவளே வாய்மொழியாகச் சொன்னால் அதைப் பதிய வேண்டியது உம் கடமை, சந்தேகப்படுவது உம் வேலை இல்லை என்றேன். விதியின் எண்ணையும் சொன்னேன். அந்த விதி இருக்கிறது. ஆனால் அதை இந்த மாதிரிக் காரியத்துக்கு எழுதவில்லை.

மாடசாமி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார். "ஏம்மா, சின்னப் புள்ளையில உனக்குக் குத்தியிருக்கா?"

செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் லேசாகத் தலையசைத்தேன்.

"குத்தியிருக்கு" என்றாள்.

என் வீட்டு மருமகளாக அவள் எனக்குக் கீழ்ப்படிந்த முதல் காரியம் அது.

குத்து வலிக்கும். முள் வைத்த சின்னச் சக்கரத்தைத் தோலில் வைத்துத் திருகுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே பழக்கடையைப் பார்த்திருந்தாள். "மாமா, மலாயாவுல மங்குஸ்தான் கிடைக்குமா?" என்றாள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் என்றேன். இந்த இரண்டு ஊருக்கும் பொதுவாக நான் கண்டது அது ஒன்றைத்தான்.

மாடசாமி இரண்டாவது கட்டத்தில் எழுதினார். முதல் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு கூடப் போடாமல் காலியாகவே விட்டார். புத்தகத்தை நீட்டும்போது சொன்னார்: "சார், ஒண்ணு மட்டும் செய்யுங்க. நாலாம் நாள் கையைப் பாருங்க. சிவந்து, பருப்பு மாதிரி எழும்பணும். எழும்பலேன்னா எங்கன இருந்தாலும் மறுபடி குத்திப்போடுங்க. மருந்து மெட்ராஸ்ல இருந்து வந்து நாளாச்சு. பிளாஸ்க்ல ஐஸ் கரைஞ்சு போச்சு. எனக்கே அது மேல நம்பிக்கை இல்ல."

சரி என்றேன். முத்திரை வைக்க வேண்டிய மேலதிகாரி என் உத்தியோகத்தைக் கேட்டுவிட்டு, படிக்காமலே வைத்துக் கொடுத்தார்.

5

திங்கட்கிழமை நடுக்கடல். நானும் அவளும் மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்குக் கடல் பிடித்திருந்தது, சாப்பாடு பிடிக்கவில்லை. அவளாகவே கேட்டாள்.

"மாமா, இன்னைக்கு நாலாம் நாளு. கையைப் பாக்கணும்னு அந்த அண்ணாச்சி சொன்னாவுகளே."

பார்த்தேன். சிவப்பில்லை, வீக்கமில்லை. முள் கீறிய இடம் காய்ந்து, நாலு புள்ளியாக இருந்தது.

"மறு குத்து அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். மறு குத்துக்குப் பல பேருக்கு ஒன்றுமே எழும்பாது. அது உண்மை.

அவள் என்னைக் குழப்பமாகப் பார்த்தாள். "எனக்கு முதல் குத்துல்லா, மாமா?"

"புஸ்தகத்துல மறு குத்து" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்து, ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

கப்பல் டாக்டரின் அறை எங்கள் நாற்காலியிலிருந்து இருபது எட்டு தூரம். அவரிடம் ஐஸ்பெட்டி நிறைய நல்ல மருந்து இருந்தது. எனக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்கான படிவத்தை வருஷக்கணக்காகச் சரிபார்த்தவன் நான்.

6

துறைமுகத்தில் என் கீழ் வேலை பார்த்த பையன்தான் மேஜையில் இருந்தான். எழுந்து நின்று கும்பிட்டான். மருமகளா சார் என்றான். புத்தகத்தை வாங்கித் தேதியைப் பார்த்தான், முத்திரை வைத்தான். கையைப் பார்க்கவில்லை. தலைமைக் குமாஸ்தாவின் மருமகளிடம் கையைக் காட்டு என்று எப்படிச் சொல்வான்?

கரை இறங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல், இடுப்பு வலி. ஐந்தாம் நாள் முகத்தில் முத்து முத்தாக எழும்பியது. நானே அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். வண்டி வந்து அவளைத் தீவுக்குக் கொண்டுபோனது. அவளைத் தொட்டவர்கள், பேசியவர்கள், அவள் உட்கார்ந்த நாற்காலி, எல்லாவற்றுக்கும் நானே பட்டியல் எழுதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத பட்டியல். ஒருவர் விடாமல் தேடிப் பிடித்துக் குத்தினார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. முறைகள் அவ்வளவு நன்றாக வேலை செய்தன, அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும்.

தீவின் டாக்டர் என்னைக் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் கேட்டார். பழைய தழும்பு எங்கே? புதுக் குத்தும் பிடிக்கவில்லையே, யாரும் பார்க்கவில்லையா? நாலாம் நாள் மறுபடி குத்தியிருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும், முகம் கெட்டாலும் உயிருக்குப் பயம் இருந்திருக்காது என்றார். நான் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொன்னேன்.

காய்ச்சல் கண்ட பதினொன்றாம் நாள் முடிந்துபோயிற்று. அங்கேயே எரித்தார்கள். எங்களை விடவில்லை, விடக்கூடாது என்பது விதி. அறிக்கையில் "பழைய தழும்பு தெளிவாக இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். எனக்கு மரியாதை செய்தார்கள்.

புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். செல்லத்தக்க காலம் இன்னும் இரண்டு வருஷமும் பதினொரு மாதமும் இருந்தது.

மகன் அவளோடு வாழ்ந்தது மொத்தம் பத்து நாள் இருக்கும். கரையில் நின்று தீவைப் பார்த்துக்கொண்டே, இதில் யாருடைய தவறும் இல்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான். தமிழில் அவனுக்கு அந்த வாக்கியம் வராது. இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். வேறு மனைவி, இரண்டு குழந்தைகள். வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்து. குழந்தைகளுக்கு அம்மை குத்தியாயிற்றா என்று ஒரு தடவை எழுதிக் கேட்டேன். அப்பாவுக்கு உத்தியோக நினைப்பு போகவில்லை என்று பதில் வந்தது.

7

சம்மந்திக்கு நான் எழுதிய கடிதத்தில் நோயின் பெயரும் இறந்த தேதியும் மட்டும் இருந்தன. அவர் பதிலில் ஒரு வாக்கியம் இருந்தது. "குத்தாம இருந்த பதினெட்டு வருஷமும் ஆத்தா அவளைத் தொடல, குத்தி ஒரு மாசத்துக்குள்ள கோவம் வந்துட்டு." என்னைக் குறை சொல்லவில்லை. கப்பல் சட்டத்துக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஆறுதல் சொல்லியிருந்தார்.

அதற்கு நான் பதில் எழுதவில்லை. ஒன்பது வருஷம் எழுதவில்லை.

இந்தச் சித்திரையில் மாடசாமியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருக்கும் ஓய்வு நெருங்குகிறது. உலகத்தில் எங்குமே பெரியம்மை இல்லாமல் செய்யப்போகிறார்களாம், எல்லா நாடும் சேர்ந்து. ரேடியோவில் நானும் கேட்டேன். எல்லா நாடும் சேர்ந்து செய்வது எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவன் ஆனதால் ரேடியோவை அணைத்துவிட்டேன். அவர் எழுதியிருந்தது இது:

"சார், புது மருந்து வந்திருக்கு. தூள் மருந்து, ஐஸ் வேண்டாம், கெட்டுப்போகாது. எல்லா ஊர்லயும் குத்தியாச்சு. வடகரையில அந்த ஒரு தெரு மட்டும் கதவைத் தெறக்க மாட்டேங்குது. போனா, செண்பகத்துக்குக் குத்தினீயளே, என்ன ஆச்சுன்னு கேக்காங்க. நான் என்ன சொல்லுவேன்? மருந்து புடிக்கலைன்னு சொன்னா, நீங்கதானே புஸ்தகத்துல சரின்னு எழுதிக் கொடுத்தீயன்னு சொல்லுதாங்க. திரவியம் அண்ணாச்சி நீங்க சொன்னாக் கேப்பாவுக. உள்ளதை ஒரு கடுதாசியில எழுதுங்க. என் பேரையும் எழுதுங்க. பென்ஷன் போனாப் போகுது. தெருவுல சின்னப் புள்ளைகள் நிறைய இருக்கு. பக்கத்து ஊர்ல போன மாசம் ரெண்டு பேருக்கு வந்துட்டு."

நான் ஒரு குமாஸ்தாவின் காகிதத் தந்திரம் என்று நினைத்தது அங்கே ஒரு தெருவின் மதமாகிவிட்டிருந்தது. அதைக் கலைக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

8

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை எழுதியது இலாகா அறிக்கை மாதிரி இருந்தது. இரண்டாவதில் மாடசாமி பெயர் நாலு இடத்தில் வந்தது, என் பெயர் ஒரு இடத்தில். மூன்றாவதில் நாலாம் நாள் கையைப் பார்க்க மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன்.

மறக்கவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தத் திங்கட்கிழமை ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே செண்பகம் இன்னொன்றும் சொன்னாள். "கிளம்புததுக்கு முந்தி மூணாம் வீட்டுப் புள்ளையைப் பாக்கப் போனேன், மாமா. அதுக்கு அம்மா வந்திருக்கு. பாவம், ஒரே எரிச்சல். ரொம்ப நேரம் வேப்பிலை வச்சு வீசிவிட்டேன்." என்றைக்கு என்று கேட்டேன். போன திங்கள் என்றாள். நான் மனதுக்குள் நாட்களைக் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாக வந்தது: தொற்றியிருந்தால் காய்ச்சல் கரை இறங்கிய பிறகுதான், மறுபடி குத்த இன்னும் நேரம் இருந்தது. எழுந்து டாக்டர் அறை வரைக்கும் நடந்தேன். கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே போனால் இது முதல் குத்து என்று சொல்லவேண்டும். சொன்னால் புத்தகம் பொய் என்றாகும், கப்பலே மஞ்சள் கொடி ஏற்றிக் கரை சேர முடியாமல் நிற்கும், நான் வேலை பார்த்த அலுவலகம் என்னை விசாரிக்கும். மருந்து பிடித்தும் இருக்கலாமே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, இருபது எட்டு திரும்பி நடந்தேன். அவளுக்குக் குடிக்க எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நாலாவது கடிதத்தில் இதை எழுதினேன். பத்தாயத்திலிருந்து வேப்பிலை வரை, தலையசைத்ததிலிருந்து எலுமிச்சைத் தண்ணீர் வரை ஒன்றும் விடவில்லை. உங்கள் பெண்ணைக் குத்து கொல்லவில்லை, குத்து அவள் உடம்பில் ஏறவே இல்லை, ஏறவில்லை என்று தெரிந்தும் சும்மா இருந்தவன் நான் என்று எழுதினேன். தெருவில் எல்லாரையும் கூட்டி வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். தேவைப்பட்டால் நேரில் வந்து நிற்கிறேன் என்றும் எழுதினேன். அதற்காகத்தான் போன வாரம் அந்தச் சீனப் பெண் முன்னால் போய் உட்கார்ந்தது. என் புத்தகம் இப்போது சுத்தமாக இருக்கிறது. யாரும் எந்தத் துறைமுகத்திலும் ஒரு குறை சொல்ல முடியாது.

நேற்று பதில் வந்தது. திரவியத்தின் சொந்தக் கையெழுத்து. உள்ளபடியே தருகிறேன்.

"அன்புள்ள சம்மந்தி அவுகளுக்கு, இங்கன எல்லாரும் சுகம், அங்கன உங்க சுகத்துக்கு எழுதவும். உங்க கடுதாசியைப் படிச்சு வீட்ல எல்லாரும் அழுதோம். இம்புட்டு வருஷம் கழிச்சும் என் மனசு ஆறணும்னு பழியைத் தூக்கி உங்க தலையில வச்சுக்கிடுதீய. இப்படி ஒரு மனுசன் வீட்டுக்குப் பொண்ணைக் கொடுத்தோம்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். நீங்க சட்டம் தெரிஞ்சவுக, பொய்யா ஒரு எழுத்து எழுத மாட்டீய, எனக்குத் தெரியாதா? அந்தக் குத்துதவன்தான் உங்களை இப்படி எழுதச் சொல்லியிருப்பான். அவனை நான் வாசல்ல ஏத்தல. இந்த வயசுல நீங்க கப்பல் ஏறி அலைய வேண்டாம்.

எங்க மூத்த மவனுக்கு ஒரு பொம்பளப் புள்ள, ரெண்டு வயசு ஆகுது. செண்பகம்னுதான் பேரு வச்சிருக்கோம். அதே முகம், அதே சிரிப்பு. போன வெள்ளிக்கிழமை ஜீப்புல மறுபடி வந்தாங்க. முன்னாலயே ஆள் வந்து சொல்லிட்டான். பத்தாயம் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. உள்ள வச்சு மூடினோம், ஒரு சத்தம் போடல, சமத்து. புள்ளையைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்."